கற்றுக்கொடுப்போம் என்றொரு சொல்

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுச்சூழல் அமைப்புக்காகச் சின்னதொரு நன்கொடைக் கையேட்டைத் தமிழாக்கிக் கொடுத்தேன். மொத்தமே நான்கு பக்கம்தான். அமேசான் மழைக்காடு அழிவதைப் பற்றியது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வரவேண்டிய வரியை மட்டும் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் இப்படி முடித்தேன்: ‘காட்டை எரித்துப் பயிரிடும் பழங்குடிகளுக்கு நீடித்த வேளாண்மையைக் கற்றுக்கொடுப்போம், மழைக்காட்டைக் காப்போம்.’ வாய்விட்டுப் படித்தால் ஓசை நன்றாக இருந்தது. அனுப்பினேன், அவர்களுக்கும் பிடித்திருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பின்னட்டை வந்தது. பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தின் வடபகுதியைக் காட்டும் செயற்கைக்கோள் படம். அதன் மேல் ஆறு, சாலை, ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. படத்தின் பெரும்பகுதி செங்கல் நிறமும் வெளிர்மஞ்சளுமாகக் கிடந்தது. கட்டம் கட்டமாக மேய்ச்சல் நிலங்கள், சோயா வயல்கள். நடுவில் ஒரு பெரிய கரும்பச்சைத் திட்டு. அதன் விளிம்பு சில இடங்களில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருந்தது. தானாக முடியும் காட்டுக்கு அப்படி விளிம்பு வராது. அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் தேடினேன். அது ஷிங்கு பழங்குடிப் பூங்காவின் எல்லை. 1961இல் பிரேசில் அரசு வரைந்தது. சுமார் 26,000 சதுர கிலோமீட்டர். உள்ளே 16 பழங்குடி இனங்கள் வாழ்கின்றன. கோட்டுக்கு உள்ளே காடு, வெளியே வயல்.

‘ஷிங்கு பழங்குடி நிலம்’ என்று அந்தப் பச்சையின் மேல் தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் முதல் பக்கத்து வரி எனக்குள் இடறியது. நாம் யாருக்குக் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொல்கிறோமோ, அவர்கள் இருக்கும் இடத்தில் காடு இருக்கிறது. யாரைப் பற்றி அந்தக் கையேட்டில் ஒரு வார்த்தையும் இல்லையோ, அவர்கள் இருக்கும் இடத்தில் காடு இல்லை. என் வரிக்கு எதிரான சாட்சியம் அதே கையேட்டின் பின்னட்டையில் இருந்தது.

ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா பணம் தர்றவங்களுக்கு ஒரே வரியில புரியணும். கற்றுக்கொடுப்போம்னு சொன்னா உடனே புரியுது, நாம என்ன செய்யப்போறோம்னு தெரியுது” என்றார். அவர் நல்ல மனிதர், காட்டின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். நானும் சரி என்றேன். கையேடு என் வரியோடு அச்சாகிப் போனது. ஆனால் அந்த வினைச்சொல் என்னை விடவில்லை.

சுடுபுனம்

காட்டில் ஒரு துண்டை வெட்டி, காயவைத்து, எரித்து, சாம்பலில் விதைத்து, இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு துண்டுக்குப் போகும் முறைக்கு உலகம் முழுக்கப் பெயர்கள் இருக்கின்றன. பிரேசிலில் ரோசா, மெக்சிகோவில் மில்பா, இந்தோனேசியாவில் லடாங், பிலிப்பைன்ஸில் காயிங்கின். பழந்தமிழிலும் அழகான சொல் ஒன்று உண்டு: சுடுபுனம். ஆனால் இன்று இதைப் பற்றி எழுதும்போது ‘வெட்டி எரித்தல்’ என்றுதான் கை போகிறது. அந்தப் பெயரே பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. வெட்டுவதும் எரிப்பதும் சில வாரங்களில் முடிந்துபோகும் வேலை. மிச்சமுள்ள பதினைந்து இருபது வருடங்களுக்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

அந்த மிச்ச வருடங்களில்தான் விஷயம் இருக்கிறது. மழைக்காட்டைப் பார்த்தால் மண் வளமானது என்று தோன்றும். பெரும்பாலான இடங்களில் அது உண்மையில்லை. கொட்டித் தீர்க்கும் மழை மண்ணிலிருக்கும் சத்தை அரித்துக்கொண்டே போகும். அங்கே சத்தெல்லாம் மரத்திலும் இலையிலும் வேரிலும்தான் சேர்ந்திருக்கும். எரிக்கும்போது அதில் ஒரு பங்கு சாம்பலாக மண்ணுக்கு இறங்குகிறது, மண்ணின் புளிப்புத்தன்மையும் குறைகிறது. அந்தச் சாம்பல் இரண்டு மூன்று போகம் தாங்கும். அப்புறம் களை ஏறும், விளைச்சல் விழும். நிலத்தை விட்டுவிட வேண்டும். வருடங்கள் போகப் போக மரங்கள் மறுபடி சத்தைச் சேர்த்து வைக்கும். காடு இங்கே ஒரு உண்டியல் மாதிரி, நிரம்பும் முன்னே உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த முறை ஒழுங்காக நடக்க வேண்டியதெல்லாம் இரண்டுதான்: போதுமான நிலம், போதுமான காலம்.

விட்ட நிலமும் சும்மா கிடப்பதில்லை. பெரு நாட்டின் அம்பியாகு ஆற்றங்கரையில் பிரில்லோ நுவேவோ என்ற ஊரில் வாழும் போரா மக்களின் புனங்களை 1980களில் வில்லியம் டெனவன், கிறிஸ்டின் படோக் முதலான ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்துப் பதிந்தார்கள். மரவள்ளி எடுத்து முடித்து, வெளியாள் கண்ணுக்குக் கைவிடப்பட்ட புதர்போலத் தெரியும் நிலத்தில் அந்த மக்கள் பல வருடம் கழித்தும் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மரத்தை வைப்பது, எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுத்து, புனத்தைத் தோப்பாக்கி, தோப்பைக் காடாக்கி விடுகிறார்கள். அது எந்த நாளில் வயலாக இருப்பதை நிறுத்தியது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. படித்துக்கொண்டிருந்தபோது, நான் ‘கற்றுக்கொடுப்போம்’ என்று எழுதிய நீடித்த வேளாண்மை இதைவிட எந்த வகையில் வேறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரே வருடம், ஒரே முகவரி

இவ்வளவு படித்த பிறகும் மனசு ஒரு நிலைக்கு வரவில்லை. பழங்குடி அறிவை ஆகாயத்துக்கு ஏற்றிவைத்துப் பேசுபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கூட்டத்திலும் சேர மனமில்லை. என்னை உண்மையில் திருப்பியது 1957ஆம் வருடம்தான்.

அந்த வருடம் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு தன்னுடைய வனவியல் இதழில் உலக அரசுகளுக்கு ஒரு முறையீட்டை வெளியிட்டது. ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டல நாடுகளில் வேளாண் உற்பத்தி உயர்வதற்கும் மண்ணையும் காட்டையும் காப்பதற்கும் இந்த இடம்பெயரும் சாகுபடிதான் மிகப் பெரிய தடை என்பது அதன் சாரம். இது வெறும் சாகுபடி முறை மட்டுமல்ல, பண்பாட்டில் பின்தங்கிய ஒரு கட்டத்தின் அடையாளம் என்கிற தொனியும் அதில் இருந்தது. எத்தனையோ நாடுகளின் வனத்துறைகள் பல பத்தாண்டுகள் பேசியது இதே பேச்சைத்தான்.

அதே அமைப்பு, அதே 1957இல், ஹெரால்ட் காங்க்ளின் என்ற மானிடவியலாளரின் ஆய்வையும் அச்சிட்டு வெளியிட்டது. பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் ஹனுனோ மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் புனத்தில் நடப்பதையெல்லாம் எழுதிவைத்தவர் அவர். ஹனுனோ மக்கள் 1,600க்கும் மேற்பட்ட செடி வகைகளைப் பிரித்து அறிந்து பெயர் வைத்திருந்தார்கள். அவற்றில் 400க்கும் மேற்பட்டவை அவர்கள் பயிரிடுபவை. ஒரே புனத்தில் ஒரே சமயத்தில் 40 பயிர்கள் வரை நின்றன. வேலியோரம் அவரை, தட்டைப்பயறு போன்ற ஏறுகொடிகள், உள்ளே வரவர நெல், அதனிடையே கிழங்குகள், செடிப்பயறுகள், கன்று மரங்கள் என்று ஒன்றுக்கொன்று இடம் விட்டு நின்றன. தீ வைக்கும் முன் சுற்றிலும் தரையைச் சுத்தமாக வழித்துத் தீத்தடுப்புப் பாதை போட்டார்கள். பழங்காட்டைத் தொடுவதைவிடத் தாங்களே முன்பு விட்டுவைத்த இளங்காட்டையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள்.

காங்க்ளின் செய்த இன்னொரு வேலை அதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். இரண்டு வகை எரிப்புகளை அவர் பிரித்துக் காட்டினார். தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்து, சடங்கும் சாகுபடியும் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும் மக்கள் எரிப்பது ஒன்று. வேறெங்கோ நிலமிழந்து, பிழைப்புக்காக நேற்றுக் காட்டுக்குள் வந்து, தெரிந்த ஒரே வழியாக நெருப்பு வைக்கிறவர் எரிப்பது மற்றொன்று. வானத்திலிருந்து பார்த்தால் இரண்டு புகையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஒரே கட்டடத்திலிருந்து ஒரே வருடத்தில் இந்த இரண்டும் வந்திருக்கின்றன. ஒன்று அந்த மக்களைத் தடை என்கிறது, மற்றொன்று அவர்களிடம் நுணுக்கமானதொரு வேளாண்மை இருக்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. உலகம் முதலாவதைக் கேட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தகவல் கிடைக்காததால் நேர்ந்த பிழை என்றால் மனசு ஆறும். தகவல் பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறது. பின்னட்டைப் படத்தை வைத்துக்கொண்டே முதல் பக்கத்து வரியை அச்சுக்கு விட்ட நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

வெட்டுவது யார்

அமேசானில் வெட்டப்பட்ட நிலத்தில் மிகப் பெரும்பகுதி இன்று மாட்டு மேய்ச்சல் நிலம். 1990 முதல் 2020 வரையான செயற்கைக்கோள் படங்களை வைத்து மேப்பயோமாஸ் என்ற பிரேசிலிய அமைப்பு போட்ட கணக்கில், நாடு முழுக்கப் பழங்குடி நிலங்கள் இழந்த இயற்கைத் தாவரப் பரப்பு 1 சதவீதம் அளவுக்குத்தான். தனியார் நிலங்களில் அது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது.

காடழிப்பு குறைந்த காலமும் இருந்திருக்கிறது. எப்படிக் குறைந்தது என்று பாருங்கள். 2004இல் பிரேசிலிய அமேசானில் ஒரே வருடத்தில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது. 2012இல் அது 4,571 ஆகிவிட்டது. இடைப்பட்ட எட்டு வருடங்களில் நடந்தது என்ன? புதிதாக வெட்டும் இடங்களைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் செயற்கைக்கோள் கண்காணிப்பு வந்தது. அதிகாரிகள் களத்துக்குப் போனார்கள், அபராதம் போட்டார்கள். காடழித்த நிலத்தின் சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் பெருவணிகர்கள் உடன்பட்டார்கள். சட்டத்தை மீறிய பண்ணைகளுக்கு வங்கிக் கடன் கடினமானது. பெரும் பரப்புகள் பாதுகாக்கப்பட்ட நிலங்களாகவும் பழங்குடி நிலங்களாகவும் அறிவிக்கப்பட்டன. இந்தப் பட்டியலில் எந்தப் பழங்குடிக்கும் யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததாக இல்லை. பெருவில் பழங்குடிச் சமூகங்களுக்கு நிலப்பட்டா கொடுத்ததன் விளைவை ஆராய்ந்து 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. பட்டா கிடைத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் சேர்த்துப் பார்த்தால், அங்கே காடு வெட்டுவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஒரு காகிதம் செய்த வேலை அது.

வெளியிலிருந்து வந்த கற்றுக்கொடுத்தல் எதில் முடிந்தது என்பதற்குப் போர்னியோவை எடுத்துக்கொள்ளலாம். 1995இல் இந்தோனேசிய அரசு அந்தத் தீவிலுள்ள மத்திய கலிமந்தான் மாநிலத்தின் சதுப்புநிலக் காட்டில் பத்து லட்சம் ஹெக்டேரை நெல் வயலாக்கப் புறப்பட்டது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் சாகுபடி தெரிந்தவர்கள் என்று ஜாவாவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். கால்வாய் வழியே தண்ணீர் வடிந்ததும் ஆயிரக்கணக்கான வருடங்களாக நீரில் ஊறிக் கிடந்த, முழுதும் மக்காத செடிகொடிகளால் ஆன கரிமண் காய்ந்தது. காய்ந்த கரிமண் என்பது விறகு. 1997இன் வறட்சியில் அது மாதக்கணக்கில் நிலத்தடியில் புகைந்தது. நெல் விளையவில்லை. அங்கே காலங்காலமாக இருந்த தயாக் மக்களின் பிரம்புத் தோட்டங்களும் ரப்பர் தோட்டங்களும் எரிந்தன. 1999இல் திட்டத்தைக் கைவிட்டார்கள், கால்வாய்கள் அங்கேயே கிடந்தன. அப்புறம் 2015இல் மறுபடி பெருந்தீ. அதையடுத்து எரிப்புத் தடை இறுகியபோது லடாங் வைத்த சிறு விவசாயிகள்மேலும் வழக்குகள் பாய்ந்தன. தீத்தடுப்புப் பாதை போட்டு, நாட்டுரகப் பயிருக்காகக் குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் வரை எரிக்கலாம் என்று அந்நாட்டின் 2009ஆம் வருடச் சுற்றுச்சூழல் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. இருந்தும் அவர்கள் கூண்டில் நின்றார்கள்.

ஆனாலும் கற்பது தேவைப்படும் இடங்கள்

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதியைத்தான் சொன்னவனாவேன். கற்றுக்கொடுப்பதே தவறு என்று சொல்ல என்னால் முடியாது. காங்க்ளின் சொன்ன இரண்டாவது வகையினர், நிலமின்றிக் காட்டோரம் ஒதுக்கப்பட்ட ஏழை விவசாயிகள், லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பழைய நிலம் சுருங்கிப்போய், பதினைந்து வருடம் விடவேண்டிய நிலத்தை நாலே வருடத்தில் மறுபடி எரிக்க வேண்டிய நெருக்கடியில் பழங்குடிகளும் இருக்கிறார்கள். உண்டியல் நிரம்பும் முன்னே உடைக்கிற கதை. இவர்களுக்கு உதவி வேண்டும்.

மைக் ஹேண்ட்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1980களில் மத்திய அமெரிக்காவில் இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்தார். எரித்த நிலம் ஏன் இவ்வளவு சீக்கிரம் சோர்ந்துபோகிறது? மற்ற சத்துகளோடு சேர்த்து பாஸ்பரஸ் கைநழுவிப் போவதுதான் முக்கியமான காரணம் என்று அவருக்குப் பட்டது. இங்கா என்ற மரத்தை வரிசை வரிசையாக நட்டுப் பார்த்தார். அது காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் அவரைக் குடும்பத்து மரம். நிழல் கட்டிக் களையை அடக்குகிறது. வருடா வருடம் கிளையைக் கழித்து இலையைத் தரையிலேயே மூடாக்காக விட்டால், அதற்கு நடுவில் மக்காச்சோளமும் பீன்ஸும் எழும்புகின்றன. கழித்த கிளை விறகாகிறது. எரிக்கவும் வேண்டாம், இடம் மாறவும் வேண்டாம். ஹோண்டுராஸில் பல குடும்பங்கள் இன்று இப்படித்தான் பயிர் வைக்கின்றன. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், இங்கா வெளியிலிருந்து வந்த மரமில்லை. அந்த மண்ணின் மரம்தான், அதன் பழத்தை அங்குள்ளவர்கள் ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் ஒரு கேள்வியோடு அவர்கள் நிலத்தில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறார்.

ஷிங்குவுக்குள்ளும் ஒரு சங்கடம் வந்துவிட்டது. முன்பெல்லாம் புனத்தில் வைத்த தீ காட்டு விளிம்பைத் தொட்டதும் தானே அவிந்துவிடும், காடு அவ்வளவு ஈரம். சுற்றிலும் காடு போனதாலும் பருவம் மாறியதாலும் இப்போது வறட்சி நீள்கிறது. சருகு காய்ந்து கிடக்கிறது, புனத்துத் தீ காட்டுக்குள் ஓடிவிடுகிறது. எந்த மாதத்தில் வைப்பது, எந்த அடையாளத்தைப் பார்த்து வைப்பது என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு பொய்த்துப்போகிறது. அந்த அறிவில் பிழை இல்லை. அது எந்த வானத்தை வைத்து எழுந்ததோ அந்த வானத்தை வேறு யாரோ மாற்றிவிட்டார்கள். இன்று அங்கே பழங்குடி இளைஞர்களே தீயணைப்புக் குழுக்களில் பயிற்சி எடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தல் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுகிறது, அவர்கள் காட்டில் அவர்களே முடிவெடுத்துச் செய்கிறார்கள்.

பாடம் எதிர்த்திசையில் நடக்கும் ஒரு வேலையும் ஷிங்குவில் உண்டு. 2007இல் ஷிங்கு விதை வலையமைப்பு என்று ஒன்று தொடங்கியது. ஷிங்கு ஆற்றின் ஊற்றுகள் பூங்காவுக்கு வெளியே பண்ணைகளுக்குள் இருக்கின்றன. அங்கே கரையோரக் காட்டை வெட்டிவிட்டதால் உள்ளே வரும் தண்ணீர் கெட்டுப்போனது. கரையில் காட்டை மறுபடி வளர்க்கச் சட்டப்படி கடமைப்பட்ட பண்ணையாளர்களுக்கு மரவிதை வேண்டியிருந்தது, அதை யாரும் விற்கவில்லை. காட்டுக்குள் இருந்தவர்கள் பொறுக்கிக் கொடுத்தார்கள். இக்பெங் இனத்துப் பெண்கள் தங்கள் குழுவுக்கு யாராங் என்று பெயர் வைத்தார்கள். இலைவெட்டி எறும்பு என்று பொருள். எந்த மரம் எப்போது காய்க்கும், எந்த விதை எத்தனை நாள் தாங்கும், எதை ஊறவைத்தால் முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேகமாக வளர்ந்து நிழல் தரும் பயறு விதை, நூறு வருடம் நிற்கும் மரத்தின் விதை எல்லாவற்றையும் மணலோடு கலந்து, சோயா தூவும் அதே இயந்திரத்தில் போட்டு விதைக்கிறார்கள். அந்தக் கலவையின் பெயர் மூவூகா.

போன மாதம் அதே அமைப்பிலிருந்து அழைப்பு வந்தது. கையேட்டை மறுபதிப்பு போடுகிறார்களாம், பழைய தமிழாக்கத்தைச் சரிபார்த்துத் தரமுடியுமா என்று கேட்டார்கள். முதல் பக்கத்து வரியை எடுத்துவிட்டு, பழங்குடிகளின் நில உரிமைக்குத் துணைநிற்பது பற்றி ஒரு வரி எழுதி அனுப்பினேன். பழையதன் ஓசை அதில் வரவில்லை. பின்னட்டைப் படம் அப்படியே இருக்கட்டும், ஆனால் பச்சைக்கு வெளியே, வெளிர்மஞ்சள் பகுதியில், கானரானா என்ற ஊரின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். விதைகள் வந்து சேரும் கிடங்கு அங்கேதான் இருக்கிறது.